1200 கிராம் தட்டும் கோவண்டி அடுப்பும்

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியருக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்தது. ஆளுக்கு நாளொன்றுக்குக் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100, பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 85, கொட்டை, விதை வகைகள் 35, தானியம் 250, எண்ணெய் 27, பால் 300 மில்லி. ஏறக்குறைய 1200 கிராம் வரும். அறிவியலாகப் பார்த்தால் சரியான கணக்குதான். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். "எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டார்" என்று வாதாடுபவர்கள், தாத்தா ஏர் பிடித்த கதையை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அந்தத் தட்டை மும்பையின் கோவண்டியில், தேவனார் குப்பைமேட்டை ஒட்டிய சிவாஜி நகருக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டுக்குத் தினம் 1.6 கிலோ காய் வேண்டும்; மாதம் 4 கிலோவுக்கு மேல் கொட்டை வகை. இருப்பதோ பத்துக்குப் பத்து அறை, ஒரு அடுப்பு, நேரம் பார்த்து வரும் தண்ணீர். ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். காயும் பழமும் கைக்காசில்தான். காசு குறைந்தால் தட்டில் முதலில் எது குறையும் என்று சொல்லவும் வேண்டுமா? சோற்றை ஒதுக்கிவிட்டுக் காலையில் நூறு பாதாம் தின்னச் சொன்ன தமிழ் பேலியோ உணவுமுறை அலையால் சிலருக்குச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அது யாருடைய மளிகைப் பட்டியல்?

விதி வருமுன்பே விதிக்குள் அடங்கிய எளிய சாப்பாடும் இங்கே உண்டு. மும்பைத் தெருக்களில் தமிழர் விற்கும் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லை, ஆவியில் வெந்தது. அரிசியில் குறையும் லைசினை உளுந்து ஈடுகட்டுகிறது. தேவனார் கசாப்புக்கூடம் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் கலேஜி, அதாவது ஈரல், இரும்புச்சத்துக் குறைக்கு நல்ல மருந்து. இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களைப் பார்த்து, 'ஆரோக்கியம்' என்ற பெயரில் கறியையே ஒதுக்கச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத உபதேசம்.

அதற்காக எளிமை என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. மைதா பாவுக்குள் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, கூடவே சர்க்கரை தூக்கலாக ஒரு கட்டிங் சாய்: வயிறு நிறையும், நாக்கும் மகிழும், அன்றாடம் அதுவே என்றால் உடம்பு தாங்காது. பிள்ளைகள் கையிலிருக்கும் அஞ்சு ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட் இதைவிட மோசம். இங்கே ருசியின் பக்கம் நின்று பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆக, காசு கேட்காத விதியும் உண்டு, காசு கேட்கிற விதியும் உண்டு. சாப்பிட்டதும் சாய் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இதை எந்த வீட்டிலும் சொல்லலாம், ருசியும் கெடாது. முட்டையும் பழமும் அப்படியல்ல, யாராவது வாங்கித் தர வேண்டும். மகாராஷ்டிர அரசு 2023 நவம்பரில் பள்ளி மதிய உணவில் முட்டை சேர்த்தது. 2025 ஜனவரியில் அதற்கான நிதியை நிறுத்தி, வேண்டுமானால் பொதுமக்களிடம் திரட்டிக்கொள்ளுங்கள் என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது.