பட்டறைப் புகை எங்கே போகிறது?

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றின் அழகைப் போற்றும் நாம், வீட்டுப் பட்டறையில் அவற்றைச் செய்பவர் சுவாசிக்கும் காற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஊதுகுழல் தீ அலையும் என்று சன்னலைச் சாத்திவிட்டால் புகை என்னாகும்? ‘மேலே வெளியேற்றும் விசிறி இருக்கிறதே!’ என்பீர்கள். இவ்வாதத்தில் இரு பிழைகள் உள்ளன.

ஒன்று: காற்று உள்ளே புக வழியில்லாத அறையிலிருந்து விசிறி காற்றை வெளியேற்ற இயலாது. மற்றொன்று: உறிஞ்சும் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப்போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, புகை விசிறியை எட்டுமுன் குனிந்திருப்பவரின் மூக்கை எட்டிவிடும்.

தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியசில். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்துவிடும். காட்மியம் கலந்த பற்றாசின் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-இல் வகைப்படுத்தியது.

எனவே காட்மியமற்ற பற்றாசே வேண்டும். உறிஞ்சு கூண்டு தீயருகே, முகத்துக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். அதன் குழாய் கூரைக்கு மேலே செல்லட்டும். காற்று தீயில் நேரே படாதவாறு பக்கவாட்டில் தாழ்வான திறப்பு ஒன்றும் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பட்டறையில், தீ எரியும் இடத்தில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை செல்லும் திசையே விடை கூறும்.