உள்ளாட்சிச் சீர்திருத்தமும் அயல்துணையும்: இந்தோனேசியாவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அனைத்துலக ஒத்துழைப்பு அதிகாரப் பரவலாக்கத்திற்குத் துணைநின்றமைக்கு இந்தோனேசியா சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

1999ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம் மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் பரந்த அதிகாரங்களை வழங்கிற்று. 2001இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் அரசு ஊழியர்கள் வட்டார ஆட்சிகளின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆயின், உலக வங்கியின் ஆதரவோடு 1998இல் தொடங்கிய கெச்சாமத்தான் மேம்பாட்டுத் திட்டத்தின் நிதி, மாவட்ட ஆட்சியின் கைப்படாது துணைமாவட்டக் கணக்குகளுக்கு நேரே சென்றது. கிராமத்தார் கூடிப் பேசித் தமக்குரிய பணிகளைத் தேர்ந்தனர் என்பது பாராட்டத்தக்கதே. எனினும், சட்டம் எந்த ஆட்சியை வலுப்படுத்த முற்பட்டதோ அதனைத் திட்டம் விலக்கி வைத்தது. மாவட்ட ஆட்சியின் குறைகள் தவிர்க்கப்பட்டனவேயன்றிக் களையப்படவில்லை.

மேலும், திட்ட நிதி கிராமத்தாருக்கு உரிமையாகவும் அமையவில்லை. 2014ஆம் ஆண்டின் 6ஆம் எண் கிராமச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே, ஆண்டுதோறும் கிராமங்களுக்கு நிதி ஒதுக்குவது அரசின் கடமையாயிற்று. அதனை நிலைபெறச் செய்தது அந்நாட்டு நாடாளுமன்றமே. திட்டத்தின் அனுபவம் அதற்கு வழிகாட்டியிருக்கலாம். ஆயினும் வழிகாட்டுதல் வேறு, உரிமை வழங்குதல் வேறு. ஆதலின், அயல்துணை நீங்கிய பின் மக்களிடம் எஞ்சும் உரிமையைக் கொண்டே அதன் பயனை அளத்தல் வேண்டும் என்பது இங்குப் பெறப்படும்.