அகரத்தில் தொடங்கும் ஜப்பானியப் பாடல்கள்: ஒரு திறனாய்வு

ஒரு மொழியின் பாடல்களை எழுத்து வரிசைப்படி அடுக்குவது நூலகத்தார் பணி. அவ்வரிசையில் அருகருகே நிற்கும் பாடல்களை ஒப்புநோக்கி எடைபோடுவது திறனாய்வாளர் பணி. ஜப்பானியச் சிறுவர் பாடல்களுள் தலைப்பு அகரத்தில் தொடங்குவன சிலவற்றை ஈண்டு எடைபோடுவோம்.

அகரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இன்றைய ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்குகிறது. இது நம் குற்றுயிர் ஐந்தின் வரிசையே. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசைகள் வருகின்றன. பண்டு பகரமாக ஒலித்ததே பின்னர் ஹகரமாயிற்று என மொழியறிஞர் கூறுவர். இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. பௌத்தத்தோடு சென்ற வடமொழி எழுத்துக் கல்வியைத் தழுவி ஜப்பானியத் துறவியர் அமைத்துக்கொண்ட முறை அது. ஜப்பானியரிடம் இன்னொரு பழைய வரிசையும் உண்டு. நாற்பத்தேழு எழுத்துகளும் ஒவ்வொரு முறையே வருமாறு புனைந்த ‘இரோஹா’ப் பாடலின் வரிசை அது. அதில் அகரம் நிற்பது முப்பத்தாறாம் இடத்தில்.

ஜப்பானின் பண்பாட்டுத் துறை, பெற்றோர் ஆசிரியர் அமைப்புடன் இணைந்து, தலைமுறை தோறும் பாடத்தக்க நூற்றொரு பாடல்களின் பட்டியலை 2007ஆம் ஆண்டு அறிவித்தது. எழுத்து வரிசையில் அமைந்த அப்பட்டியலின் முதல் எட்டுப் பாடல்களும் அகரத்தில் தொடங்குவன. அவற்றுள் மூன்றையும், 1946இல் பிறந்த இன்னொன்றையும், பட்டியலில் இடம்பெறாத ஒன்றையும் நாம் எடுத்துக்கொள்வோம். எடைபோடும் அளவுகோல் ஒன்றே: சிறுவர் பாடலில் பேசும் குரல் யாருடையது?

பட்டியலின் முதற்பாடல் ‘அஓகெபா தோத்தோஷி’. ஆசிரியரின் அருமையை நிமிர்ந்து நோக்கிப் போற்றுவது என்பது தலைப்பின் கருத்து. 1884இல் அரசு வெளியிட்ட தொடக்கப்பள்ளிப் பாடல் தொகுதியின் மூன்றாம் பகுதியில் இது இடம்பெற்றது. அத்தொகுதிகளை உருவாக்கிய இசை ஆய்வுக் கழகம் 1879இல் தோன்றியது. இசாவா ஷூஜி என்னும் கல்வியாளர் அதன் தலைவர். அமெரிக்க இசையாசிரியர் லூதர் வைட்டிங் மேசன் அவருக்குத் துணைநின்றார். இதன் மெட்டு 1871இல் அமெரிக்கப் பாடல் நூலொன்றில் வெளிவந்ததே என்பது 2011இல் தெளிவாயிற்று. பள்ளியை விட்டுப் பிரியும் மாணவன் ஆசிரியர்க்கு நன்றி கூறுவதாகப் பாடல் அமைந்துள்ளது. நன்றி மாணவனுடையதுதான். ஆயினும் இரண்டாம் பகுதியில், உலகில் உயர்ந்து பெயர் நாட்ட வேண்டும் என்னும் அறிவுரை புகுந்துவிடுகிறது. அங்கே பேசுவது மாணவன் அல்லன், அக்கால அரசு. போருக்குப்பின் பல பள்ளிகள் அப்பகுதியை விட்டுவிட்டுப் பாடியதில் வியப்பில்லை. நன்றி நிலைத்தது, கட்டளை உதிர்ந்தது.

இத்தகைய அரசுப் பாடல்களின் வறட்சியை எதிர்த்து 1918இல் ஓர் இயக்கம் எழுந்தது. சுசுகி மியெகிச்சி தொடங்கிய ‘அகாய் தோரி’ என்னும் இதழே அதன் தாய். ‘சிவப்புப் பறவை’ என்று பொருள்படும் அப்பெயரும் அகரத்தில் தொடங்குவதே. சிறுவர்க்கு எழுதுவதும் கலையே என்பது அவ்விதழின் கொள்கை. கித்தஹாரா ஹகுஷூ முதலிய பெருங்கவிஞர்கள் அதில் எழுதினர்.

அந்த அலையில் பிறந்த மணி ‘அகாதொம்போ’, அதாவது செந்தும்பி. மிகி ரொஃபூ 1921இல், ஹொக்கைடோத் தீவின் துறவு மடமொன்றில் ஆசிரியராக இருந்தபோது எழுதியது. அப்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. முதுகில் சுமக்கப்பட்டவாறு மாலை வெயிலில் செந்தும்பியைக் கண்டது, மலைவயலில் முசுக்கட்டைப் பழம் பறித்தது, தன்னைச் சுமந்த பணிப்பெண் பதினைந்து அகவையில் மணமாகிச் சென்றது, ஊர்ச்செய்தி அற்றுப்போனது, இறுதியில் கழியின் நுனியில் அமர்ந்திருக்கும் ஒரு தும்பி. ‘வருந்துகிறேன்’ என்று கவிஞர் ஓரிடத்தும் கூறவில்லை. இளமையிலேயே தாயைப் பிரிந்தவர் ரொஃபூ. அந்த இழப்பு முழுவதும் தும்பியின் சிறகில் நிற்கிறது.

இதற்கு 1927இல் இசையமைத்தவர் யமாடா கோசாக்கு. சொல்லின் ஏற்ற இறக்கத்தை மெட்டு பின்பற்றவேண்டும் என்பது அவர் கோட்பாடு. ‘அகாதொம்போ’ என்னும் சொல்லில் அகரம் உயர்ந்து ஒலிக்க, பின்வரும் அசைகள் தாழ்கின்றன. அக்காலத் தோக்கியோ மக்கள் அச்சொல்லை அவ்வாறே ஒலித்தனர் என்பர். இன்று அவ்வொலிப்பு மாறிவிட்டது. மறைந்துபோன பேச்சொலி ஒன்றைப் பாட்டு காத்து வைத்திருக்கிறது! இதை மொழியாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

மூன்றாவது ‘அமெஃபுரி’, மழை பொழிதல். 1925இல் ஹகுஷூ எழுத, நக்கயாமா ஷிம்பெய் இசையமைத்தார். மழையில் குடையோடு தாய் அழைக்க வருகிறாள். வழியில் வில்லோ மரத்தடியில் நனைந்து அழும் இன்னொரு குழந்தை. நம் சிறுவன் தன் குடையை அவனிடம் நீட்டி, தான் தாயின் பெரிய குடைக்குள் நடக்கிறான். ‘பிறர்க்கு உதவு’ என்னும் அறிவுரை பாட்டில் இல்லை. மழைத்துளியின் ஒலிக்குறிப்பும் குழந்தையின் களிப்புமே உள்ளன. அறம் தானாக நிகழ்கிறது. ஏவல் இன்றி அறம் உணர்த்துவதே சிறுவர் இலக்கியத்தின் உயர்நிலை.

இனிப் பட்டியலில் இடம்பெறாத பாடலுக்கு வருவோம். அதன் பெயர் ‘ஐகோக்கு கோஷின்கியோகு’, நாட்டுப்பற்று அணிவகுப்புப் பாடல். தமிழில் எழுதுங்கால் ஐகாரம் முதலெழுத்தாகிறது. ஜப்பானிய எழுத்திலோ அகரமும் இகரமும் தனித்தனியே நிற்கின்றன. அகர இகரம் இணைந்து ஐகாரமாகும் என்னும் தொல்காப்பிய விதியை நினைவுகூர்க. சீனாவுடன் போர் மூண்ட 1937ஆம் ஆண்டில் அரசின் தகவல் துறை பொதுப்போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பாடல் இது. போர்க்கப்பல் அணிவகுப்பு இசையால் புகழ்பெற்ற செத்தோகுச்சி தோக்கிச்சி இதற்கு மெட்டமைத்தார். கிழக்குக் கடலின்மேல் விடியும் வானைப் பார்க்குமாறு ஏவித் தொடங்குகிறது இது. பாடும் வாய் மக்களுடையது. பேசும் குரல் அரசினுடையது. 1942 முதல் 1945 வரை மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, நம் மண்ணின் பள்ளிப் பிள்ளைகளும் பொருளறியாமலே இதைப் பாடநேர்ந்தது.

நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. இப்பாடலைத் தேர்ந்தெடுத்த நடுவர்களுள் ஒருவர், ‘அமெஃபுரி’ பாடிய அதே ஹகுஷூ. அடுத்த ஆண்டு, ஜப்பானுக்கு வந்த இட்லரின் இளைஞர் படையை வாழ்த்தியும் அவர் பாடல் எழுதினார். குடையை நீட்டிய குழந்தையைப் படைத்த கை அது! ஆகவே கவிஞர் பெயரைப் பார்த்துப் பாடலை ஏற்பதும் தள்ளுவதும் திறனாய்வு ஆகா. ஒவ்வொரு பாடலிலும் பேசும் குரலைத் தனித்தனியே செவிமடுத்தல் வேண்டும்.

தோல்விக்குப்பின் 1946இல் இன்னொரு விடியல் பாடல் பிறந்தது: ‘அசா வா தொகோ கரா’. காலை எங்கிருந்து வருகிறது என்பது அதன் வினா. இல்லத்திலிருந்து வருகிறது என்பது விடை. இதுவும் போட்டியில் தேர்வு பெற்றதே. ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு விடியல்கள். முன்னது பேரரசின் கடல்மேல் எழுந்தது. பின்னது எளிய வீட்டின் வாயிலில் எழுந்தது. கலை நயத்தில் இப்பாடல் செந்தும்பிக்கு ஈடாகாது. ஆயினும் ஒரு நாடு மீண்டும் சிறிய சொற்களைக் கற்றுக்கொண்டதை இது காட்டுகிறது.

2007ஆம் ஆண்டுப் பட்டியல் அணிவகுப்புப் பாடலை விட்டதில் தவறில்லை. பிள்ளைகள் பாடி மகிழ்வதற்குரியது அன்று அது. ஆனால் பாடத் தகாதது வேறு. அறியத் தகாதது வேறு. பாடநூல் ஆக்குவோர் இனியவற்றைத் தொகுப்பர். விடுபட்டதை எடுத்துரைத்து, அது விடுபட்டதன் காரணத்தையும் விளக்கும் கடமை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கே உரியது. பிள்ளைகளின் வாயில் நாம் இடும் பாடல் அவர்கள் நினைவில் நெடுங்காலம் தங்கும். நிகழ்ச்சிக்கென ஒரு பாடலைத் தேரும்போது மெட்டையும் சந்தத்தையும் மட்டும் பாராமல், அதில் பேசுவது பிள்ளையா, பிள்ளையின் வாயைக் கடன்வாங்கிய பெரியவரா என்று ஆராய்ந்து தெளிவோமாக.