நன்றாகத் தொடங்கும் நகரம்

மைசூரின் நெரிசலை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு அளவுகோல்களைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்று, பெங்களூரு. அதன் பக்கத்தில் வைத்தால் எந்த ஊரும் தேறிவிடும். ஆகவே அந்த ஒப்பீடு எதையும் நிறுவுவதில்லை. மற்றது, வண்டியின் வேகம்: ஒரு சந்திப்பைக் கடக்க எத்தனை நிமிடம், சாலைக்கு எத்தனை வழி. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே ஆட்களை நகர்த்துவதுதான் சாலையின் பணி என்று ஒப்புக்கொண்டுவிட்ட பிறகும், திட்டங்களைப் பாராட்டும்போது நாம் வண்டிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நான் வைக்கும் அளவுகோல் குறுகியது, கறாரானது. நகரின் தெற்கே ஸ்ரீராம்புராவில் குடியிருந்து வடமேற்கே ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், சொந்த வண்டி இல்லாமல், நேரம் தவறாமல், தினமும் போய்வர முடிகிறதா? ஒவ்வொரு திட்டத்தையும் முதலில் அதன் சொந்த இலக்கோடும், பிறகு இந்தக் கேள்வியோடும் பொருத்திப் பார்ப்பதே நியாயம்.

மைசூருக்குத் திட்டமிடலில் மரபு உண்டு. கொள்ளைநோய்க்குப் பிறகு பம்பாய் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. 1903-இலேயே மைசூரு சமஸ்தானம் தனக்கென ஒன்றை நிறுவிக்கொண்டது. அகலமான தெருக்கள், மரநிழல், முக்கியக் கூடல்களில் வட்டங்கள் என்று அந்தக் காலத்து மைசூரு தந்தது இந்திய நகரங்களில் அபூர்வமான தெளிவு. ஆனால் அந்தத் தெளிவு அரண்மனையை மையமாகக் கொண்டது. தசரா ஊர்வலத்துக்கு அது பொருத்தமான வடிவம். ஷிப்ட் நேரத்துக்கு இல்லை. நகரப் பேருந்துத் தடங்கள் இந்த ஆரக்கால் வடிவத்தை அப்படியே சுவீகரித்தன. பெரும்பாலானவை கே.ஆர். சர்க்கிளை அடுத்த நகரப் பேருந்து நிலையத்தில் தொடங்குகின்றன, அங்கேயே வந்து முடிகின்றன. வேலைகள் ஹெப்பாளுக்கும் ஹூட்டகள்ளிக்கும் கடகொளாவுக்கும் நகர்ந்த பிறகும் பேருந்து இன்னும் அரண்மனைப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறது. நம் ஸ்ரீராம்புராப் பெண் முதலில் நகரின் நடுவுக்குப் போய், அங்கே மாறி, மறுபடி வெளியே வரவேண்டும்.

இந்த மரபின் மீது வந்து விழுந்த நவீனத் திட்டங்களில் அளவில் பெரியது வெளிவட்டச் சாலை. ஏறத்தாழ 42 கிலோமீட்டர், ஆறு வழி. கட்டுமானம் என்ற வகையில் இதற்குரிய மதிப்பைக் குறைக்கக் கூடாது. நஞ்சன்கூட்டிலிருந்து ஹுன்சூர்ப் பக்கம் போகும் லாரிக்கு நகர நடுவிலுள்ள சயாஜி ராவ் ரோட்டில் வேலையில்லாமல் செய்தது இந்தச் சாலைதான். இந்த அளவுள்ள பல நகரங்கள் முழு வட்டத்தைக் காகிதத்திலேயே வைத்திருக்க, மைசூரு அதை மண்ணில் போட்டு முடித்தது.

குறை, சாலையில் இல்லை. சாலையோடு வராத மற்றவற்றில் இருக்கிறது. வட்டம் போட்டால் வட்டத்துக்கு வெளியே மனை விலை ஏறும், குடியிருப்பு பெருகும் என்பது எல்லோரும் அறிந்தது. போகாதியும் ஸ்ரீராம்புராவும் பட்டணப் பஞ்சாயத்துகள் ஆயின. ஹூட்டகள்ளி தனி நகரசபை ஆனது. இந்தக் குடியிருப்புகளுக்கு மனை வரைபடம் இருந்தது, குடிநீர்க் குழாய்க்குக் கோடு இருந்தது, பேருந்துக்குக் கோடு இல்லை. வட்டச் சாலையிலேயே வளைந்து ஓடும் அடர்த்தியான பேருந்துத் தடம் ஒன்று அன்றே தொடங்கியிருந்தால், ஆரக்கால்களின் குறையை அது பாதியாவது நேர்செய்திருக்கும். அந்த வாய்ப்பு ஆறு வழிச் சாலைக்குள்ளேயே இருந்தது, இன்னும் இருக்கிறது. சாலை கூடினால் வண்டியும் கூடும் என்று அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே வாதிட்டார். டுராண்டனும் டர்னரும் 2011-இல் அமெரிக்க நகரங்களின் தரவை வைத்து அதை உறுதிசெய்தார்கள். மைசூரின் வெளிவட்டம் இந்த விதிக்கு விலக்காக இருக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. செய்நேர்த்தியில் முதல் வரிசை, விளைவில் அரைகுறை என்பது இதன் மீதான என் மதிப்பீடு.

கருத்தமைப்பில் இதைவிட உயர்ந்தது ‘ட்ரின் ட்ரின்’. 2017 ஜூனில், 450 சைக்கிள்கள், 48 நிறுத்துமிடங்களோடு தொடங்கிய பொதுச் சைக்கிள் திட்டம். அரசே முன்னின்று, நிறுத்துமிடங்களோடு கூடிய முறையான அமைப்பாக இந்தியாவில் இப்படி ஒன்று வந்தது அதுவே முதல் என்று சொல்லலாம். தட்டையும் ஏற்றமும் கலந்த, மிதமான வெயில் கொண்ட, குறுக்களவில் சிறிய ஓர் ஊரைத் தேர்ந்தது சரியான தேர்வு. அட்டையைத் தொட்டு எடுத்து இன்னொரு இடத்தில் பூட்டிவிட்டுப் போகும் எளிமையும் சரியானது.

பிசகு கணக்கில் நேர்ந்தது. பொதுச் சைக்கிள் முறையில் உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 10 நிறுத்துமிடங்கள். இறங்கிய இடத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள் அடுத்தது கண்ணில் பட்டால்தான் அது பழக்கமாகும். 48 நிறுத்துமிடங்கள் அந்த அடர்த்தியில் மூடக்கூடியது ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மைசூரு நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டிப் பரந்த ஊர். பாரிஸ் 2007 ஜூலையில் தன் வெலிப் திட்டத்தை ஏறக்குறைய 750 நிலையங்களோடு ஒரே நாளில் திறந்ததற்குக் காரணம் இந்த வரையறைதான். மைசூரு அதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். பணம் அவ்வளவு கிடையாது. ஆனால் ஐந்து சதுர கிலோமீட்டரை நிறைவாக மூடுவதா, முப்பதை ஓட்டை ஓட்டையாக மூடுவதா என்ற தேர்வு இருந்தது. திட்டம் இரண்டாவதை எடுத்தது. அரண்மனை, உயிரியல் பூங்கா, ரயில் நிலையம், மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகம் என்று பரவிய அந்த வலை, சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் மாணவருக்கும் நன்றாகவே உதவியது. வேலைக்குப் போகிறவருக்கு உதவவில்லை. பிறகு பழுதான வண்டிகள் பெருகின, ஓடுபவை குறைந்தன. பராமரிப்புக்கு நிலையான வருவாய் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே உறுதியான விடை இல்லாத திட்டங்கள் எல்லாம் வந்து சேரும் இடம் அது. இந்த ஒரு திட்டம் தளர்ந்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சரியான ஊரில் சரியான கருவி கிடைத்திருந்தது.

‘மித்ரா’ என்ற பேருந்துத் தகவல் முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2012-இல் மைசூரின் நகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் பொருத்தி, நிறுத்தங்களில் வருகை நேரம் காட்டும் பலகைகள் வைத்தது, நாட்டில் மிக முற்பட்ட முயற்சிகளில் ஒன்று. தொழில்நுட்பத்தில் குற்றம் காண இடமில்லை. ஆனால் பேருந்து தாமதம் என்று சொல்வதும் தாமதத்தைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள். எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பது அந்தத் தரவில் இருந்தது. அதைக் கொண்டு தடங்கள் மறுவரைவு செய்யப்பட்டதன் அடையாளம் தெருவில் தெரியவில்லை.

பேருந்தின் இடைவெளியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு மதிப்பீடும் இதில்தான் நிற்கிறது. அரைமணிக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். நடுவில் ஒருமுறை மாறவேண்டியிருந்தால் 30. அந்த அரைமணிப் பேருந்துகள் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் உண்மையான இடைவெளி ஒரு மணி நேரம். அட்டவணையில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, காத்திருப்பு இரட்டித்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் இதே இரண்டு காத்திருப்பும் சேர்ந்து 10 நிமிடம். இருபது நிமிட மிச்சத்தை எந்த மேம்பாலமும் தர முடியாது. கோவையில் அவினாசி சாலை மேல் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பி 2025-இல் திறந்த மேம்பாலத்தில் போகிறவர் மிச்சப்படுத்தும் நேரத்தை, கீழே நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு யார் மிச்சப்படுத்தித் தருகிறார்கள் என்று நாமும் கேட்டாக வேண்டும்.

2023 ஜூன் 11-இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணத்தை நீக்கியது. தமிழ்நாடு 2021-இலேயே நகரப் பேருந்துகளில் அதைச் செய்திருந்தது. இதன் சமூகப் பயனை நான் குறைவின்றி ஏற்கிறேன். கையில் காசில்லாததால் வீட்டோடு இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், கூலி கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போக முடிந்தது. போக்குவரத்துத் திட்டமாக மட்டும் வைத்துப் பார்த்தால், அது வேறொரு உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. கட்டணம் பூஜ்ஜியமான பிறகும் ஸ்கூட்டர் வாங்க முடிந்த பெண் ஸ்கூட்டரையே எடுக்கிறாள் என்றால், தடையாக இருப்பது காசு இல்லை, காலம். கூட்டம் பெருகிய வேகத்தில் பேருந்து பெருகாவிட்டால், திட்டம் தன் வெற்றியாலேயே நெருக்கப்படும்.

பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று தயங்கினேன். அது நகரச் சாலை இல்லை. ஆனாலும் அதன் வாய் நகரத்தில்தான் திறக்கிறது. 2023 மார்ச் 12-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 118 கிலோமீட்டர், செலவு சுமார் 8,480 கோடி. மூன்று மணி நேரப் பயணத்தை ஏறக்குறைய பாதியாக்கியது மறுக்க முடியாத சாதனை. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பைக்கும் ஆட்டோவும் பிரதான பாதையில் தடைசெய்யப்பட்டன. விபத்துகளைப் பார்த்தால் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மைசூரு முனையில் அந்த வேகம் முழுவதும் வெளிவட்டச் சந்திப்பின் சிக்னலில் வந்து கொட்டுகிறது. அங்கிருந்து ஊருக்குள் போக, பயணியின் கையில் காரைத் தவிர வேறொன்றையும் இந்தத் திட்டம் தரவில்லை. ஒப்பிட வேண்டியது, இரட்டிப்பாக்கி மின்மயமாக்கப்பட்ட ரயில் பாதையோடு. சாமுண்டி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட்டோடு போய்வரும் கூட்டம் பல்லாண்டுகளாக அதே வேலையை, ஊர் நடுவில் இறங்கி, பார்க்கிங் கேட்காமல் செய்துவருகிறது.

ரயில் என்றதும் மைசூரின் மிகப் பெரிய விடுபடலுக்கு வந்துவிட்டோம். மைசூரிலிருந்து சாமராஜநகர் போகும் பாதை நகரின் வயிற்றின் ஊடாகவே ஓடுகிறது: மைசூரு சந்திப்பு, சாமராஜபுரம், அசோகபுரம், பிறகு கடகொளா, நஞ்சன்கூடு. தொழிற்பேட்டைகள் சில இதே திசையில். மறுபக்கம் ஹாசன் பாதையில் பெலகொளா. பெங்களூரு பாதையில் நாகனஹள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணம். மூன்று திசையிலும் தண்டவாளம், நடுவில் சந்திப்பு, தென்மேற்கு ரயில்வேயின் மைசூரு கோட்டத் தலைமையகமும் அதே ஊரில். சென்னையின் கடற்கரை–தாம்பரம் பாதையோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. இந்தப் பாதையில் காலை மாலை இருபது நிமிடத்துக்கொரு மின்தொடர் வண்டி ஓட்ட, அசோகபுரத்துக்கு அப்பால் இரண்டாம் தண்டவாளமும் சில நடைமேடைகளும் வேண்டும். நகரில் புதிதாக நிலம் எடுக்க வேண்டிய அவசியம் மிகக் குறைவு. ஒரு மெட்ரோ கனவுக்கு ஆகும் செலவோடு இதை யாரும் ஒப்பிட மாட்டார்கள்.

இது ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது, அதுவே சிக்கல். பேருந்து, பெங்களூரில் தலைமையகம் கொண்ட மாநிலக் கழகத்தின் கையில்; பெங்களூருக்கு 1997-இல் தனி நகரக் கழகம் கிடைத்தது, மைசூருக்குக் கிடைக்கவில்லை. மனை, வளர்ச்சி ஆணையத்தின் கையில். தெரு மாநகராட்சிக்கு, சிக்னல் போலீசுக்கு, தண்டவாளம் ரயில்வேக்கு. ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிழையில்லாமல் செய்தாலும், ஸ்ரீராம்புராவிலிருந்து ஹூட்டகள்ளிக்கு ஒரு பயணம் உருவாகாது. சென்னைக்கு 2010-இல் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமச் சட்டம் வந்து, அது உயிர்பெறப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. பெங்களூருக்கு 2022-இல்தான் சட்டம். சட்டம் மட்டும் போதாது என்பதை இரண்டுமே காட்டுகின்றன. ஆனாலும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாத நிலையை விட அது மேல்.

என் தீர்ப்பு இது. கற்பனையில் ட்ரின் ட்ரின் முதலிடம், கட்டுமானத்தில் வெளிவட்டம், சமூகப் பயனில் சக்தி. மூன்றும் ஒன்றை ஒன்று அறியாமல் நிற்பதால் மொத்தத் தேர்ச்சி இல்லை. இந்தியாவில் இந்த அளவுள்ள நகரங்களில் மைசூருக்கு இருக்கும் அனுகூலம் வேறு எதற்கும் எளிதில் வாய்க்காது என்பதால் இந்தத் தீர்ப்பைச் சலுகையோடு எழுதவும் என்னால் இயலவில்லை. இப்போது வெளிவட்டத்துக்கும் வெளியே இன்னொரு புறவட்டச் சாலை பேசப்படுகிறது. அதன் திட்ட அறிக்கை வரும்போது, வழிகளின் எண்ணிக்கை இருக்கும் பக்கத்தைத் தாண்டி, எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், அதற்கான பணம் ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அறிக்கையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பது நம் வேலை.