சோல்ற்றயர்: கல்லும் கட்டளையும்

பழைய நகரொன்றின் கட்டடங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் கோபுரத்தையும் தூணையும் கண்டு வியப்பதோடு அமைவர். அவற்றை எழுப்புவித்தோர் கருத்து யாது, அவற்றுள் வாழ்ந்தோர் நிலை யாது என்னும் வினாக்கள் எழாதவரை அப்புகழ்ச்சி திறனாய்வாகாது. இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில், ஏயர் ஆற்றங்கரையில் அமைந்த சோல்ற்றயர் என்னும் ஆலை நகர் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் உரைகல்லாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அண்மையிலுள்ள பிரட்போட் நகர் கம்பளித் தொழிலாற் செல்வத்தையும், புகையாலும் அழுக்கு நீராலும் நோயையும் ஒருங்கே பெற்றது. 1849இல் வாந்திபேதி அங்கு நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. அக்காலத்தில் அந்நகரின் முதல்வராயிருந்த ரைற்றஸ் சோல்ற் என்னும் ஆலை முதலாளி, பல இடங்களிற் சிதறிக் கிடந்த தம் தொழிலை நகருக்கு வெளியே ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கத் துணிந்தார். ஆறும் கால்வாயும் புகையிரதப் பாதையும் அருகருகே செல்லும் நிலத்தைத் தேர்ந்தார். 1853இல் ஆலை திறக்கப்பட்டது. அவர் பெயரும் ஆற்றின் பெயரும் இணைந்து ஊரின் பெயராயின.

லொக்வுட், மோசன் என்னும் கட்டடக் கலைஞர் ஆலைக்கு இத்தாலிய மாளிகையின் தோற்றத்தை அளித்தனர். அதன் முகப்பு 545 அடி நீளமுடையது. 1868இல் எழுந்த புதிய ஆலையின் புகைபோக்கியோ வெனிஸ் நகரத்துத் தேவாலயமொன்றின் மணிக்கோபுரத்தைப் பின்பற்றியது. புகைபோக்கி கோபுர வேடம் புனைவது பொய்யெனக் கடிதல் எளிது. ஆயினும், உழைக்கும் இடமும் அழகுக்கு உரியதே என்னும் எண்ணம் அவ்வேடத்தினுள் உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று.

எனினும், இந்நகரின் மெய்யான சின்னம் ஆலையன்று. எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகளே. தூய நீரும் எரிவாயு விளக்கும் தனித்தனி மலகூடமும் அவற்றில் அமைந்தன. பிரட்போட்டின் நிலவறைகளில் ஒடுங்கிய குடும்பங்களுக்கு இவை புதுவாழ்வாகும். அதே வீடுகள் கட்டளையையும் உரைக்கின்றன. மேற்பார்வையாளர் வீடு பெரிது, தொழிலாளர் வீடு சிறிது. ஆலையின் படிநிலை தெருவிலும் தொடர்ந்தது. மதுச்சாலைக்கு அன்று ஊரில் இடமிருக்கவில்லை. 1859இல் எழுந்த தேவாலயம் ஆலையின் வாயிலை எதிர்நோக்கி நிற்கிறது; அதனை ஒட்டியே முதலாளியின் கல்லறை மண்டபமும் உள்ளது. தெருக்கள் அரசியின் பெயரையும், முதலாளியின் மனைவி மக்கள் பெயர்களையும், கட்டடக் கலைஞர் பெயர்களையும் தாங்கின.

திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் வெவ்வேறு அதிகாரங்களாக நிற்றல் ஈண்டு நினையத்தக்கது. மருத்துவமனை, முதியோர் இல்லங்கள், பாடசாலை, நூலகமும் விரிவுரை மண்டபமும் கொண்ட கழகம், பூங்கா ஆகியவற்றால் சோல்ற்றயரில் ஈகை குறைவற விளங்கியது. ஆனால், எதனைப் பெறவேண்டும், எதனை விலக்கவேண்டும் என்பதைப் பெறுவோர் தீர்மானிக்கவில்லை. கொடுத்தவர் உள்ளம் பெரிது. எனினும் வேலையும் வீடும் ஒரே கையிலிருந்தமையால், வேலையை இழந்தவன் வீட்டையும் இழக்க அஞ்சவேண்டியவனானான். இம்முரணை மறைக்கும் புகழுரையும், நலத்தை மறைக்கும் பழியுரையும் ஒருங்கே குறையுடையன.

காலம் இவற்றைத் தன் வழியில் நிறுத்துப் பார்த்தது. 1933இல் வீடுகள் ஆலையின் உடைமையிலிருந்து நீங்கின. துணி வெளுக்கக் கட்டிய பொதுக்கூடம் 1936இல் இடிக்கப்பட்டது. 1986இல் நெசவு நின்றது. மறு ஆண்டில் யொனதன் சில்வர் என்பவர் ஆலையை வாங்கி, அவ்வூர்ப் பகுதியிற் பிறந்த ஓவியர் டேவிட் ஹொக்னியின் படைப்புகளுக்குக் காட்சிக்கூடம் அமைத்தார். 2001இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமையாக ஏற்றது.

காத்தல் நன்றே. ஆயின், மாளிகை போன்ற ஆலை நிலைக்க, பெண்கள் கைநோக உழைத்த வெளுக்கும் கூடம் மறைந்தமை சிந்தித்தற்குரியது. எஞ்சிய கல் எடுப்பித்தவரின் புகழைத் தானே பேசும். உழைத்தோரின் வரலாற்றைக் கற்போரே பேசுதல் வேண்டும்.