ஓவியத்தின் மேல் எழுதும் உரிமை

சீன அறிஞர் மரபில் ஓர் ஓவியமோ கையெழுத்துச் சுருளோ படைத்தவரின் கையை விட்டதும் முடிந்துபோவதில்லை. அதை வைத்திருந்தவர்கள் சாதிலிங்கச் சிவப்பில் தம் முத்திரையைப் பதித்தார்கள். பார்த்து வியந்தவர்கள் தூரிகையெடுத்துக் கருத்து எழுதினார்கள். நீள்சுருள்களின் கடைசியில் இதற்கென்றே தாள் ஒட்டிச் சேர்ப்பதும் உண்டு. பல நூற்றாண்டுகள் நிலைத்த இந்த வழக்கம் கலையை வளர்க்கவும் செய்தது, வருத்தவும் செய்தது.

வளர்த்ததற்குக் கவிஞர் சு ஷியின் சுருளே சான்று. தம் கவிதைகளில் அரசை இகழ்ந்தார் என்று 1079இல் சிறைப்பட்ட அவர், பிறகு ஹுவாங்சோவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். அடுப்பு மூட்டாத ‘குளிர் உணவு’ நாளை ஒட்டி, ஓயாத மழையையும் வறுமையையும் பாடிய இரு கவிதைகளைத் தம் கைப்பட எழுதிவைத்தார். பிற்காலத்தில் அவற்றின் பின்னே கருத்து எழுதியவர் நண்பர் ஹுவாங் டிங்ஜியான். அவரும் அரசின் சினத்துக்கு ஆளானவர். வெறும் புகழ்மொழியோடு அவர் நிற்கவில்லை. கவிதையைக் கவிஞர் லி பாயின் பாடல்களோடு ஒப்பிட்டார். யான் ஜென்ச்சிங் முதலான முன்னோர் மூவரின் தூரிகைப் போக்கு அந்தக் கையெழுத்தில் கலந்திருப்பதைச் சுட்டினார். மூலத்தையும் திறனாய்வையும் ஒரே சுருளில், அதுவும் இரு பெருங்கைகளின் எழுத்தில், இன்று தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் காணலாம்.

முத்திரைகளின் பயன் வேறு. மிங் காலத்தில் ஜியாசிங் நகரில் வாழ்ந்த சேகரிப்பாளர் சியாங் யுவான்பியான் போன்றோர் பதித்த முத்திரைகளைக் கொண்டு ஒரு படைப்பு யார் யார் கைக்கு மாறியது என்று வரிசைப்படுத்த முடிகிறது. சோங் பேரரசர் ஹுய்ட்சோங் தம் முத்திரைகளுக்கு இடங்களை வகுத்திருந்தார். அவற்றில் பல, தாளும் பட்டும் இணையும் விளிம்புகளில் விழுந்தன. உரிமையைக் காட்டியும் படைப்பை மறைக்காத ஒழுங்கு அது.

சிங் பேரரசர் சியான்லாங் அந்த ஒழுங்கை மதிக்கவில்லை. கையெழுத்துக் கலைஞர் வாங் ஷிச்சி பனிப்பொழிவுக்குப் பின் எழுதிய மடலின் தாங் காலப் படி அவரிடம் இருந்தது. 28 எழுத்துகளே கொண்ட சிறு மடல் அது. பல பத்தாண்டுகளாக அதைச் சுற்றி மீண்டும் மீண்டும் எழுதி, முத்திரைகளைக் குவித்தார். அவருடைய காதல் உண்மையானது. ஆனால் மூலத்தின் அமைதியை அது விழுங்கிவிட்டது. ஓவியங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. சீன ஓவியத்தில் வெற்றிடம் வீணாய்க் கிடக்கும் தாள் அல்ல. அதுவே மூடுபனி, நீர், தொலைவு. அங்கே எழுதுகிறவர் ஓவியத்தையே மாற்றுகிறார்.

இதைவிடப் பெரிய கேடு, அதிகாரம் மதிப்பீட்டுக்குள் நுழைந்தது. ஹுவாங் கோங்வாங் முதுமையில் தீட்டிய ‘ஃபுச்சுன் மலை வாழ்வு’ ஓவியத்தின் போலி ஒன்று முதலில் சியான்லாங்கிடம் வந்தது. அதை மெய்யென நம்பி ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதி நிரப்பினார். 1746இல் அசல் வந்தபோது அதையே போலி என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை அமைச்சர் லியாங் ஷிஜெங் அசலின் மேலேயே எழுதினார். ஒருமுறை எழுதப்பட்ட பேரரசரின் சொல்லை மறுக்க அவையில் யாருக்கு வாய் இருந்தது? அசல் பிழைத்ததே அந்தத் தவறான தீர்ப்பால்தான்: அரச எழுத்து அதன் மேல் குவியவில்லை.

சந்தையும் இந்த வழக்கத்தைக் கெடுத்தது. புகழ்பெற்றவரின் குறிப்பு இருந்தால் விலை ஏறும் என்பதால் முத்திரைகளையும் குறிப்புகளையும் போலியாகச் செய்தார்கள். உண்மையான குறிப்பைக் கழற்றிப் போலி ஓவியத்தோடு ஒட்டி, ஒரு பொருளை இரண்டாக்கி விற்றார்கள். நம்பிக்கைக்காக உருவான அடையாளமே ஏமாற்றும் கருவியானது.

ஆகவே பிழை, பார்த்தவர் எழுதியதில் இல்லை. எங்கே எழுதினார், எதை வைத்து எழுதினார் என்பதில் இருக்கிறது. ஹுவாங் டிங்ஜியான் மூலத்துக்குப் பின்னே நின்றார். தாம் கண்டதைக் காரணத்தோடு சொன்னார். அடுத்து வருபவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். சியான்லாங் மூலத்துக்குள் நின்றார். அவர் சொல்லுக்குக் காரணம் தேவைப்படவில்லை, அரியணை போதுமாயிருந்தது. வாசகரின் குரலைப் படைப்போடு சேர்த்துக் காத்த சீன மரபு உலகக் கலை வரலாற்றில் பெரிய கொடை. அந்தக் குரல் மூலத்துக்கு இடம்விட்டுப் பேசும்வரைதான் அது கொடை.