ஐயாயிரம் ஓமை அளக்கும் அழகு

வீரசோழன் ஆட்டுச்சந்தையில் முதுகை அமுக்கிப் பார்த்தே கறி இத்தனை கிலோ தேறும் என்று சொல்லும் கை, உழவு மாட்டிடம் போனால் தடுமாறும். ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறு கருவியும் அந்த ரகம். 50 ஓமுக்குப் பழகியது. ஜப்பானியர் தொமொஹிரோ தகஹாஷியின் வடிவமைப்பு. 2019 வாக்கில் உலகெங்கும் பரவி, இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே ஹாம் வானொலிக்காரர்களின் சட்டைப்பையில் இருக்கிறது.

திருச்சுழிப் பக்கம் கோடையில் மண் காய்ந்தால் நல்ல எர்த் கிடைப்பது பாடு. அதனால் பனையில் இழுத்துக் கட்டிய 20 மீட்டர் கம்பிக்கு ஒரு முனையிலேயே இணைப்புக் கொடுக்கும் அரை அலை ஆன்டெனா இங்கே தோதானது. 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக வரும். அதற்குப் போகும் கேபிளின் மேல்வலையும் ஆன்டெனாவாகிவிடாமல் தடுக்க, கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றி ஒரு சோக் போடுவார்கள். நல்ல சோக் என்றால் சில ஆயிரம் ஓமாவது காட்ட வேண்டும்.

அந்தச் சோக்கை நானோ விஎன்ஏவின் ஒரே போர்ட்டில் மாட்டி, அனுப்பிய அலையில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறது என்று பார்த்தால் 5,000 ஓமுக்கு 0.980, 10,000 ஓமுக்கு 0.990. இரண்டு மடங்கு வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒளிந்துகொள்கிறது. கனெக்டர் சற்றுத் தளர்ந்தாலே கணக்கு போச்சு. விவரம் தெரிந்தவர் சோக்கை இரண்டு போர்ட்டுக்கும் நடுவே தொடராக வைத்து, எவ்வளவு கடந்து போகிறது என்று பார்ப்பார். இப்போது 5,000 ஓமுக்கு −34 டெசிபெல், 10,000 ஓமுக்கு −40. அந்த ஆறு டெசிபெல் இடைவெளியில் எனக்குத் தனி மயக்கம் உண்டு.

இரு பக்கமும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் செருகுபவரை இன்னும் மதிப்பேன். கருவியின் 70 டெசிபெல் வீச்சில் 20 போகும். பதிலுக்கு, சோக் பார்க்கும் 50 ஓம் இரு பக்கமும் உண்மையான 50 ஓமாகிவிடும்.

அடுத்தது ஃபிக்ஸ்சர், அதாவது சோக்கை மாட்டும் அமைப்பு. எதையும் மாட்டாமல் முதலில் வெறுமனே அளக்க வேண்டும். இரு முனைகளுக்கிடையே 1 பிகோஃபாரட் கசிந்தாலும் 7 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 22,700 ஓம் பாதை. சோக்கின் சொந்தக் கொள்ளளவே அந்த அளவில்தான் இருக்கும் என்பதால், சோக்கின் ஓம் உச்சம் தொடும் அதிர்வெண்ணே இடம் மாறிவிடும். நடுவில் எர்த் செய்த செப்புத் தகடு, குட்டையான கம்பிகள், பிறகு 4,700 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒரு சோதனை, −33.6 வந்தால் தைரியமாக மேலே போகலாம். சோக்கை வைத்தபின் விரலை அருகே கொண்டுபோனால் திரையில் உச்சம் இடப்பக்கம் நகரும். யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவது நல்லது.

கடைசியில் 5,213.7 என்று எழுதி வைப்பவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஃபெரைட் வளையத்தின் காந்த ஊடுருவு திறனே 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். ஐயாயிரத்துச் சொச்சம் என்று எழுதினால் போதும்.